டேல்ஸ் தொடரில் இரண்டாவது கன்ட்ரோலருக்கு இனி இடமே இல்லையா?

இரண்டாம் கன்ட்ரோலர்:

ஜப்பானின் கதை சார்ந்த அதிரடி கேம் தொடரான டேல்ஸில் அடுத்தது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் படத்தரம், உலகத்தின் பரப்பு, சண்டையின் வேகம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் வேலை உண்டா?

தொடருக்குப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'சிம்ஃபோனியா' (2003), 'அபிஸ்' (2005), 'வெஸ்பீரியா' (2008), 'கிரேசஸ்' (2009), 'சிலியா' (2011), 'பெர்சீரியா' (2016) ஆகிய எல்லாவற்றிலும் சண்டைகளைச் சேர்ந்து ஆடலாம். ஊர் சுற்றுவது, கதைமாந்தர்களிடம் பேசுவது, புதிர் அவிழ்ப்பது எல்லாம் முதல் ஆட்டக்காரர் பொறுப்பு. எதிரியைத் தொட்டதும் சண்டைத் திரை விரியும்; அங்கே குழுவில் இருக்கும் நான்கு பேரையும் நான்கு மனிதர்கள் ஆட்டுவிக்கலாம். இணையம் வேண்டாம், தனிக் கணக்கு வேண்டாம், இன்னொரு பிரதியும் வேண்டாம்.

2021 செப்டம்பரில் வந்த 'அரைஸ்' இதை முழுமையாக எடுத்துவிட்டது. தனியாளாக அனுபவிக்கும் கதை நாடகமாக இதைச் செய்திருக்கிறோம் என்ற பொருளில் தயாரிப்பாளர் தரப்பு வெளியீட்டுக்கு முன்பே விளக்கம் கொடுத்தது. 2023 நவம்பரில் வந்த 'பியாண்ட் தி டான்' கூடுதல் கதையிலும் நிலைமை மாறவில்லை.

'அரைஸ்' நல்ல கேம். கதை முடியும்வரை ஆடினேன், பல இடங்களில் மனம் உருகினேன். அதனால்தான் இந்த இழப்பு கூடுதலாக உறுத்துகிறது. அதன் பாத்திரங்களான ஷியோனின் துப்பாக்கியையும் லாவின் கைச்சண்டையையும் பார்க்கும்போதெல்லாம், இதை என் அக்கா கையில் கொடுத்தால் என்ன செய்வாள் என்ற எண்ணம் வராமல் இருக்கவில்லை. இந்தத் தொடரை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். இப்போது அவள் சோபாவில் உட்கார்ந்து சிறிது நேரம் பார்க்கிறாள், பிறகு எழுந்து போய்விடுகிறாள்.

உங்களுக்கு எப்படி? எடுத்தது சரியா, தவறா, திரும்பி வர வழி உண்டா?

தனிநடை:

எடுத்தது சரி என்று நினைப்பவன் நான். காரணத்தோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தத் தொடரின் சண்டைகளில் பல ஆண்டுகளாக ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேமரா எல்லோரையும் காட்டியாக வேண்டும். 'சிம்ஃபோனியா'வில் நீங்களும் உங்கள் இலக்கும் ஒரு கோட்டில் நிற்பீர்கள்; முன்னும் பின்னும்தான் நகர முடியும். 'அபிஸ்' கேமில்தான் அந்தக் கோட்டை விட்டு விலகி ஓட வழி வந்தது. அப்போதும் கேமரா தள்ளி நின்று மேடையைப் பார்ப்பது போலவே பார்த்தது. 'பெர்சீரியா'வில் கேமராவைச் சுழற்ற விட்டார்கள். சுழற்றும் உரிமை முதல் ஆட்டக்காரருக்கு மட்டும். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் எந்தத் திசையில் நிற்கிறது என்று தேடவே நேரம் போய்விடும். அதை ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

'அரைஸ்' அந்தக் கட்டை அவிழ்த்தது. கேமரா நம் முதுகுக்குப் பின்னால் வந்தது. எதிரி கையை ஓங்கும் கணத்தைக் கவனித்து விலகினால் நேரம் ஒரு நொடி மெதுவாகும், அந்த இடைவெளியில் பதிலடி கொடுக்கலாம். இந்தச் சண்டை முறையின் உயிரே அதுதான். நான்கு பேர் ஆடும்போது யார் விலகினாலும் எல்லோருக்கும் நேரம் மெதுவாகும் என்றால், மற்ற மூவரின் தாளம் கெட்டுவிடாதா? நான் எப்போதும் தனியாக ஆடுபவன். இத்தனை காலம் எனக்குத் தேவைப்படாத ஒரு வசதிக்காக என் கேமரா எட்ட நின்றது. ஒரு முறையாவது என் பக்கம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நான்குமுனை:

தனிநடை, கேமரா பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் 'சிம்ஃபோனியா' எந்தக் கருவிக்கு முதலில் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நின்டெண்டோவின் கேம்கியூப் பெட்டியின் முகப்பிலேயே நான்கு கன்ட்ரோலர் முனைகள் இருந்தன. கூடுதல் உபகரணம் எதையும் வாங்க வேண்டியதில்லை. அதுவரை பிளேஸ்டேஷனில் இரண்டு முனைகள்தான். நான்கு பேர் உட்காரக்கூடிய பெட்டிக்கு நான்கு பேர் ஆடும் கதை கேம் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நால்வர் ஆடும் கேம் என்றால் பந்தயமோ அடிதடியோதான். எண்பது மணி நேரக் கதையை நான்கு பேர் தூக்கிச் சுமக்கலாம் என்று காட்டியது இந்தத் தொடர்.

கோட்டில் நகர்வது கட்டுப்பாடு என்கிறீர்கள். நான்கு பேர் ஆடும்போது அந்தக் கோடு ஒரு வசதியாக இருந்தது. லாயிட் முன்னால் நின்று எதிரியைத் தடுத்தால், பின்னால் இருக்கும் ஜெனிஸின் மந்திரம் முடியும்வரை அவனை எதுவும் அண்டாது என்பது கண்ணுக்குத் தெரியும். யார் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

'சிம்ஃபோனியா'வின் கடினமான கூடுதல் எதிரியான அபிஸியனோடு வரும் சண்டையை நான்கு பேர் சேர்ந்து முடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? குணமாக்கும் பாத்திரமான ரெய்னைக் கணினி ஓட்டினால், அவள் தேவையில்லாத நேரத்தில் உயிர்ப்பிக்கும் மந்திரம் தொடங்குவாள். மனிதர் ஓட்டும் ரெய்ன் "இன்னும் இரண்டு நொடி தாங்கு" என்று வாயால் சொல்வார். அந்த இரண்டு நொடிகளுக்காக மற்ற மூவரும் உயிரைக் கொடுத்து நிற்போம்.

மந்திரக்கோல்:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்தப் பேச்சில் விடுபடும் ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே விரல் அசைவு குறைவு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டன்களை அழுத்துவதும், வேகமாக மாற்றி மாற்றி அழுத்துவதும் அவனால் முடியாது. பெரும்பாலான அதிரடி கேம்கள் அவனுக்கு மூடிய கதவு. 'வெஸ்பீரியா'வில் ரீட்டாவை எடுத்தான். அவள் மந்திரக்காரி, பின்னால் நின்று மந்திரம் ஓதுவாள். ஒரு பட்டன், சில நொடிக் காத்திருப்பு, பிறகு திரை முழுக்க நெருப்பு. நகர்த்தும் வேலையைப் பாதி கணினி பார்த்துக்கொள்ளும் அமைப்பும் அதில் இருக்கிறது. நான் யூரியை வைத்துக்கொண்டு அவன் பக்கம் எதிரி வராமல் மறிப்பேன்.

'வெஸ்பீரியா'வில் ஓவர் லிமிட் (சிறிது நேரம் சக்தி கூடும் நிலை) அளவி முழுக் குழுவுக்கும் பொதுவானது என்பது உங்களுக்குத் தெரியும். அதை எப்போது செலவிடுவது என்பதை எங்கள் வீட்டில் அவன்தான் முடிவு செய்வான். நான் சேர்த்து வைப்பேன், அவன் செலவிடுவான். மந்திரம் ஓதக் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை வந்ததும் அவன் அடுக்கடுக்காகப் பொழிவான். பாஸ் (பெரிய எதிரி) சாய்ந்ததும் அவன் முகத்தில் வரும் பெருமிதத்தை எழுத எனக்குச் சொற்கள் போதாது. அவனுக்காக யாரும் ஆட்டத்தை எளிதாக்கிக் கொடுக்கவில்லை. கடினமான நிலையில், தன் பங்கைத் தானே செய்து வென்றான்.

இந்த வாய்ப்பைக் கொடுத்தது யாரும் திட்டமிட்டுச் செய்த உதவி வசதி இல்லை. நான்கு விதமான பாத்திரங்கள், நான்கு விதமான கைகள் என்ற பழைய அமைப்பே கொடுத்தது.

தனிநடை:

மந்திரக்கோல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. சற்று நேரம் கழித்தே எழுதுகிறேன். உங்கள் தம்பியின் நிலையை நான் குறைத்துப் பேசவில்லை. 'அரைஸ்' கேமில் கதைக்காகவே ஆடுபவர்களுக்கு எளிய நிலை இருக்கிறது, கணினியே பாத்திரத்தை ஓட்டும் அமைப்பும் இருக்கிறது. அவரால் அந்தக் கதையைத் தனியாக முடிக்க முடியும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

மந்திரக்கோல்:

முடியும், தனிநடை. முடித்தும்விட்டான். ரின்வெல்லைத்தான் பெரும்பாலும் வைத்திருந்தான், அவளை அவனுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது பார்த்து முடித்த கதை. 'வெஸ்பீரியா' அவன் வென்ற கதை. எளிய நிலையில் அவன் இல்லாமலும் சண்டை முடியும். எங்கள் 'வெஸ்பீரியா'வில் அவன் ஒரு நொடி தவறினால் நானும் விழுவேன். தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வை எந்த அமைப்புப் பக்கத்திலும் தேர்ந்தெடுக்க முடியாது.

பிழைதேடி:

மென்பொருள் சோதனைதான் என் தொழில். கேம் நிறுவனம் எதிலும் இல்லை. இருந்தாலும் இப்படி ஒரு வசதியை வைத்துக்கொள்வதன் விலை என்ன என்று ஊகிக்க முடிகிறது. "ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டிருக்கலாமே" என்று சிலர் சொல்வதால் இதை எழுதுகிறேன்.

'அரைஸ்' அன்ரியல் என்ஜின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் கொண்டு செய்யப்பட்டது. பழைய கேம்களில் இருந்த எதுவும் அங்கே அப்படியே வந்து நிற்காது. கோ-ஆப் (சேர்ந்து ஆடும் வசதி) வேண்டுமென்றால் முதலிலிருந்து கட்ட வேண்டும். சண்டை நடுவே இரண்டாம் கன்ட்ரோலரின் மின்கலம் தீர்ந்தால் என்ன ஆக வேண்டும்? கதையின்படி ஒரு பாத்திரம் குழுவை விட்டுப் போகும்போது, அவரை ஆட்டுவித்தவர் யாரிடம் மாற வேண்டும்? ஒருவர் மெனுவைத் திறந்தால் மற்றவர்கள் உறைந்து நிற்க வேண்டுமா? இருவர் ஒரே நேரத்தில் ஒரே மருந்தை எடுத்தால் யாருக்குக் கிடைக்கும்? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு சண்டையிலும் சோதனை நடக்க வேண்டும். ஆட்டக்காரர் எண்ணிக்கை இரண்டு, மூன்று, நான்கு என மாறும்போது மீண்டும் முதலிலிருந்து.

இதைவிடப் பெரிய சிக்கல், குழுத் தோழரை அழைத்துச் செய்யும் பூஸ்ட் தாக்குதல். குழுவின் ஆறு பேருக்கும் தனித்தனித் தொழில் உண்டு; ஐவருடையதைச் சொல்கிறேன். பறக்கும் எதிரியைச் சுட்டு வீழ்த்துவது ஷியோன். எதிரி ஓதும் மந்திரத்தைப் பறிப்பது ரின்வெல். கவசத்தை உடைப்பது லா. பாய்ந்து வரும் விலங்கைக் கேடயத்தால் நிறுத்துவது கிசாரா. வேகமாக ஓடுபவனைக் கொடியால் கட்டுவது டோஹாலிம். இவர்களை அழைக்க திசைப் பட்டன்கள், அவை எல்லாம் ஒரே ஆட்டக்காரரின் கையில். முழுக் குழுவையும் ஒருவரே இயக்குகிறார் என்ற எண்ணத்தில் வடிவமைத்தது இது. நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் யார் யாரை அழைப்பது?

நான் கோ-ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தவர்கள் சோம்பலால் எடுத்தார்கள் என்று பேசுவது நியாயமில்லை என்கிறேன்.

இரண்டாம் கன்ட்ரோலர்:

பிழைதேடி, நீங்கள் அடுக்கிய பட்டியலைப் பார்த்தபோது எனக்கு நேர் எதிரான எண்ணம்தான் வந்தது.

பறப்பவனை வீழ்த்த ஒருவர், மந்திரத்தைப் பறிக்க ஒருவர், பாய்ச்சலை நிறுத்த ஒருவர். நால்வர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை இந்தத் தொடரில் நான் பார்த்ததே இல்லை! யார் யாரை அழைப்பது என்று கேட்டீர்கள். யாரும் யாரையும் அழைக்க வேண்டாம். ஷியோனை வைத்திருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், தன் பூஸ்டைத் தானே அழுத்தட்டும். எதிரி மந்திரம் ஓதத் தொடங்கும்போது ரின்வெல்லை வைத்திருப்பவரைப் பார்த்து எல்லோரும் கத்தட்டும். கிசாராவால் விலகித் தாவ முடியாது, கேடயம் பிடித்து நிற்க மட்டுமே முடியும். நாயகன் அல்ஃபெனின் எரியும் வாள் அவன் உயிரையே தின்கிறது. குணமாக்கும் மந்திரங்களுக்கான சிபி என்ற ஆற்றல் முழுக் குழுவுக்கும் ஒரே கையிருப்பு. தன் உயிரைச் செலவழித்துத் தாக்குபவனும், அவனைக் குணமாக்கப் பொதுக் கையிருப்பைச் செலவழிப்பவளும் வெவ்வேறு மனிதர்களாக இருந்தால் அந்தச் சண்டையில் எவ்வளவு பேச்சு நடக்கும்!

கதையும் அதையே பேசுகிறது. வலியே உணராத ஒருவன், தொடுபவருக்கெல்லாம் வலி கொடுக்கும் ஒருத்தி. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் அந்த வாளை ஏந்த முடியாது. இப்படி ஒரு கதையை எழுதிவிட்டு ஒரே ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தது எனக்குப் புரியவே இல்லை.

நான்குமுனை:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நன்றாகச் சொன்னீர்கள்.

மானா மரம்:

டேல்ஸ் ரசிகர்கள் தனியாக இல்லை. என் தொடரான மானாவிலும் இதே கதைதான், எங்களுக்கு இன்னும் முன்பே நடந்தது.

'சீக்ரெட் ஆஃப் மானா' 1993இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது. கூடுதல் கன்ட்ரோலர்களை இணைக்கும் மல்டிடேப் இருந்தால் மூவர் ஆடலாம். அதில் டேல்ஸ் போலச் சண்டைக்குத் தனித்திரை கிடையாது. நடப்பது, வெட்டுவது எல்லாம் ஒரே களத்தில். ஒருவர் பின்தங்கி நின்றால் திரை நகராது. அதனால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே நடக்க வேண்டும். 1995இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆறு பேரிலிருந்து மூவரைத் தேர்ந்தெடுத்து, இருவர் சேர்ந்து ஆடினோம். 2018இல் 'சீக்ரெட்' மறுஆக்கம் வந்தபோது அதிலும் மூவர் ஆட்டத்தை விட்டுவைத்தார்கள். நம்பிக்கையோடு இருந்தோம்.

2020 ஏப்ரலில் அந்த மூன்றாம் பாகம் 'டிரையல்ஸ் ஆஃப் மானா' என்ற பெயரில் முழு முப்பரிமாண மறுஆக்கமாக வந்தது. அழகான கேம், இசையும் அருமை. ஆனால் ஒருவர்தான் ஆட முடியும். 2024 ஆகஸ்டில் வந்த 'விஷன்ஸ் ஆஃப் மானா'வும் அப்படியே. கேமரா மேலேயிருந்து பார்த்தவரை இடம் இருந்தது, முதுகுக்குப் பின்னால் வந்ததும் போனது. தனிநடை சொன்ன அதே காரணம்தான். காரணம் சரியாக இருப்பதால் இழப்பு குறைந்துவிடவில்லை.

'டிரையல்ஸ்' விஷயத்தில் எனக்குக் கூடுதல் வருத்தம் ஒன்று உண்டு. புதிய பாகத்தில் புதிய முடிவெடுப்பது அவர்கள் உரிமை. மறுஆக்கம் என்பது பழையதை நினைத்து வாங்குபவருக்கானது. அதில் இருந்த ஒன்றை எடுத்தால், அந்த நினைவில் பாதியை எடுத்தது போலத்தான்.

தனிநடை:

மறுஆக்கம் பற்றிய உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அங்கே நான் உங்கள் பக்கம்.

இந்த விஷயத்தில் டேல்ஸ் நடந்துகொண்ட விதத்தையும் பாராட்ட வேண்டும். 2019 ஜனவரியில் வந்த 'வெஸ்பீரியா' டெஃபினிட்டிவ் பதிப்பிலும், 2023இல் வந்த 'சிம்ஃபோனியா' ரீமாஸ்டரிலும், 2025 ஜனவரியில் வந்த 'கிரேசஸ் எஃப்' ரீமாஸ்டரிலும் நால்வர் ஆட்டம் அப்படியே இருக்கிறது. பழையதைத் தொடவில்லை. புதியதற்கு மட்டும் வேறு வழி எடுத்தார்கள்.

இரண்டாம் கன்ட்ரோலர்:

ஆமாம், அந்த நேர்மைக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பழைய கதைகளை எத்தனை முறை ஆடுவது? என் அக்காவுக்கு 'வெஸ்பீரியா'வின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம்.

பிழைதேடி:

வேறு இடங்களில் என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். கேமராச் சிக்கலைத் தீர்க்கவே முடியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்த அதன் மேம்பட்ட பதிப்பில் இருவர் ஒரே திரையில் ஆடலாம். பக்கத்தில் இருக்கும்போது திரை ஒன்றாக இருக்கும், விலகிப் போனால் இரண்டாகப் பிரியும், மீண்டும் நெருங்கினால் தானாகச் சேர்ந்துவிடும். அதே நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' 2023இல் வந்தது. நால்வர் சேர்ந்து ஆடலாம், அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதையும் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் பெற்றது. கதை ஆழமாக வேண்டுமென்றால் தனியாகத்தான் ஆட வேண்டும் என்ற வாதத்தை அதற்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

'ஈஸ்' தொடர் இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. அது ஜப்பானிய அதிரடி ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்), வேகமான சண்டை, விலகும் நேரம் சரியாக இருந்தால் நேரம் மெதுவாகும் அமைப்புகூட உண்டு. 'ஈஸ் 8' வந்தபோது அதில் கோ-ஆப் கிடையாது. கணினிப் பதிப்பைக் கவனித்த குழு 2020இல் இருவர் ஆட்டத்தைச் சோதனை முயற்சியாகச் சேர்த்தது. மூல கேமில் எந்த ஏற்பாடும் இல்லாமல், பின்னாளில் சேர்த்தார்கள். குறைகள் இருந்தன, ஆனாலும் ஆட முடிந்தது.

தனிநடை:

'டிவினிட்டி'யும் 'பால்டர்ஸ் கேட் 3'உம் முறைவைத்து ஆடும் சண்டைகள். என் முறை வரும்வரை நான் காத்திருப்பேன், கேமரா எங்கிருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதை 'அரைஸ்' கேமோடு ஒப்பிட முடியாது.

'ஈஸ்' பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. 'ஈஸ் 8' ஆடியிருக்கிறேன், அந்த இருவர் ஆட்டத்தை ஆடிப் பார்த்ததில்லை. ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான்குமுனை:

விருது என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஆர்பிஜி விருதை வென்றது 'அரைஸ்'. அதே இரவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றது 'இட் டேக்ஸ் டூ'. தனியாக ஆடவே முடியாத, இருவர் இருந்தால் மட்டுமே தொடங்கும் கேம் அது. சேர்ந்து ஆட ஆளில்லை என்று யாராவது சொன்னால் நான் அந்த இரவைத்தான் காட்டுவேன்.

தனிநடை:

காட்டுங்கள். அதே இரவில் கோ-ஆப் இல்லாத டேல்ஸ் கேமுக்கும் விருது கிடைத்தது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். அது மிக விரைவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தொடரில் அவ்வளவு வேகமாக வேறு எதுவும் விற்கவில்லை என்று நிறுவனமே அறிவித்தது. இந்தத் தொடரைத் திரும்பிப் பார்க்காத பலரை உள்ளே அழைத்து வந்தது 'அரைஸ்'. அவர்களில் நானும் நீங்களும் நேசிக்கும் 'சிம்ஃபோனியா'வுக்குப் போனவர்களும் உண்டு.

இரண்டாம் கன்ட்ரோலர்:

விற்றது உண்மை, தகுதியோடு விற்றது. ஆனால் கோ-ஆப் எடுத்ததால் விற்றது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாதே? படத்தரம், சண்டை, புதிய கருவிகள், உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியீடு, இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

மானா மரம்:

இன்னொன்று. நாம் பேசும் இந்த டேல்ஸ் கேம்களின் கோ-ஆப் இணையத்தில் இருந்ததில்லை. ஒரே அறை, ஒரே திரை. வேறு வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு அது பயன்படாது என்று நிறுவனம் எண்ணியிருக்கலாம். ஆனால் 2019 இறுதியில் ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையில் ரிமோட் பிளே டுகெதர் வந்துவிட்டது. ஒரே அறையில் ஆடும் கேமை இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம், ஒருவரிடம் பிரதி இருந்தால் போதும். பிளேஸ்டேஷனில் அதே போன்ற ஷேர் பிளே அதற்கும் முன்பே இருந்தது. 'பெர்சீரியா'வைத் தொலைவில் இருக்கும் தோழியோடு நான் இப்படித்தான் ஆடினேன். அவள் மகிலு, நான் ரொக்குரோ. படம் சற்றுத் தாமதமாகத்தான் அவளுக்குப் போய்ச் சேரும். மந்திரக்காரி என்பதால் சமாளித்தாள்.

நிறுவனம் இணையக் கட்டமைப்பு எதையும் செய்ய வேண்டியதில்லை. ஒரே திரையில் இருவரை அனுமதித்தால் போதும், மீதியை மற்றவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த வசதி வந்த பிறகு கோ-ஆப்பை எடுத்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

புதுவரவு:

வணக்கம். 'அரைஸ்' மட்டுமே ஆடியிருக்கிறேன். இந்தத் தொடரில் சேர்ந்து ஆடலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது! தங்கையோடு தொடங்க எது நல்லது? அவளுக்குக் கேம் பழக்கம் குறைவு. என்னிடம் கணினியும் இரண்டு கன்ட்ரோலர்களும் இருக்கின்றன.

மந்திரக்கோல்:

'வெஸ்பீரியா' டெஃபினிட்டிவ் பதிப்பு. தயங்க வேண்டாம். ஆரம்பத்திலேயே யூரியோடு ரிபீட் என்ற நாய் சண்டையிடும். நாயை ஆட்டுவிக்கலாம் என்றால் எந்தத் தங்கையும் மறுக்க மாட்டாள். இடையில் அது சிறிது நேரம் பிரிந்து போகும், அதற்குள் எஸ்டெல் சேர்ந்துவிடுவாள். அவள் வாளும் வீசுவாள், குணமாக்கவும் செய்வாள். இரண்டாம் கன்ட்ரோலர் தானாக வேலை செய்யாது; மெனுவில் அந்தப் பாத்திரத்தை அதற்கு ஒதுக்க வேண்டும். இதைத் தெரியாமல் பலர் கோ-ஆப் இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

நான்குமுனை:

'கிரேசஸ் எஃப்' பக்கமும் பாருங்கள், புதுவரவு. சண்டை இன்னும் வேகம். ஆனால் தொடக்கத்தில் குழந்தைப் பருவக் கதை நெடுநேரம் ஓடும், அதில் சண்டை குறைவு. பழக்கம் குறைந்தவருக்கு அதில் பொறுமை போய்விடலாம். சண்டை இல்லாத நேரத்தில் உரையாடல்களை உரக்கப் படிக்கும் வேலையைத் தங்கைக்குக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்போம்.

புதுவரவு:

நன்றி மந்திரக்கோல், நன்றி நான்குமுனை. இன்றே தொடங்குகிறோம். 'அரைஸ்' ஆடும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து "வலப்பக்கம் ஒருவன் வருகிறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிழைதேடி:

இந்தப் பேச்சிலிருந்து ஏதாவது ஒரு யோசனையை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பலாம் என்று தோன்றுகிறது. செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். என் யோசனை இது. 'அரைஸ்' கேமில் விஸ்கின்ட் நகரில் பயிற்சிக்களம் இருக்கிறது. குழுவாகச் சண்டையிடும் போட்டிகளும் அதில் உண்டு. அடுத்த கேமில் அப்படி ஒரு களத்தில் மட்டும் கோ-ஆப் கொடுக்கட்டும். கதையில் பாத்திரங்கள் பிரியும் சிக்கல் அங்கே இல்லை. களத்தின் எல்லை தெரிந்தது, எதிரிகளும் முன்கூட்டியே தெரிந்தவர்கள். கேமராவை எட்ட வைத்தாலும் தனியாக ஆடுபவர்களின் கதைச் சண்டைகள் பாதிக்கப்படாது. சோதனைச் செலவும் பெருமளவு குறையும். தனிநடை, இதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?

தனிநடை:

எந்த மறுப்பும் இல்லை. அப்படி வந்தால் நானும் ஒருவரை அழைத்து ஆடுவேன். விலகும்போது நேரம் மெதுவாகும் அமைப்பைக் கோ-ஆப்பில் மட்டும் நிறுத்திவிடலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாம் கன்ட்ரோலர்:

பிழைதேடி, உங்கள் அக்கறை புரிகிறது, யோசனையும் நடைமுறைக்கு ஏற்றது. ஆனாலும் என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம்.

களம் என்பது விருந்தாளிக்குப் போடும் தனி இலை. கதைக்குள் என் அக்காவுக்கு இடம் கிடைக்காது. எனக்கு வேண்டியது பெரிய பாஸ் சண்டைகூட இல்லை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் வழியில் வரும் சாதாரணச் சண்டைகள் போதும். நிலை உயர்வதும் பொருள் சேர்வதும் புதிய வித்தைகள் கிடைப்பதும் அங்கேதான். அந்த உழைப்பில் பங்கு இருந்ததால்தான் 'சிம்ஃபோனியா'வின் முடிவில் அக்கா அழுதாள். தனிநடைக்குப் பிடித்த கேமராவும் மெதுவாகும் நேரமும் பாஸ் சண்டைகளில் அப்படியே இருக்கட்டும், அங்கே நான் ஒருவனே ஆடுகிறேன். வழிச் சண்டைகளைத் திறந்துவிடச் சொல்லி நான் தனியாக எழுதப்போகிறேன். யாருக்காவது இதில் உடன்பாடு இருந்தால் கீழே சொல்லுங்கள்.

மந்திரக்கோல்:

எனக்கு உடன்பாடு, பாஸ் சண்டைகளை விட்டுக்கொடுப்பதைத் தவிர. அதை என் தம்பி ஏற்க மாட்டான்.

மானா மரம்:

நானும் சேர்கிறேன். மந்திரக்கோல் சொன்ன திருத்தத்தோடு.

இரண்டாம் கன்ட்ரோலர்:

சரி, பாஸ் சண்டைகளையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். வரைவை இன்றிரவு இங்கே பதிகிறேன், படித்துத் திருத்துங்கள்.